மேஸ் 18-உம் டீலக்ஸ் ரிவெர்பும்: ஒரே ஆம்ப்பில் எத்தனை டோன்?

வீட்டுக்கும் சிறு அரங்குகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) போதும் என்று தீர்மானித்தபின் என் பட்டியலில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று, ஃபெண்டர் நிறுவனம் 1960களின் வடிவமைப்பைப் பின்பற்றி மறுபதிப்பாக வெளியிடும் '65 டீலக்ஸ் ரிவெர்ப். மற்றொன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மைக் ஸைட்டே தொடங்கிய டாக்டர் இசட் என்னும் சிறு நிறுவனம் கையால் இணைத்துத் தயாரிக்கும் மேஸ் 18 ஜூனியர். நான் வாங்கியது மேஸ். அதன் பக்கம் எனக்குள்ள சாய்வை மறைக்கப் போவதில்லை.

ஃபெண்டர் 22 வாட், மேஸ் 18 வாட். காதுக்கு இது ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான வேறுபாடு என்பதால் பொருட்படுத்த வேண்டியதில்லை. சுருள்வில்லால் எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவெர்ப் இரண்டிலும் கிடைக்கிறது; சத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கும் டிரெமலோ ஃபெண்டரில் மட்டுமே உண்டு. விலையில் மேஸ் கூடுதல்.

கிளீன் டோனில், அதாவது கரகரப்பு கலவாத ஒலியில், டீலக்ஸ் ரிவெர்பை மிஞ்சுவது கடினம். அதன் 6வி6 டியூப்கள் தரும் தெளிவும், நடு அலைவரிசைகள் சற்றே உள்வாங்கிய அந்த மினுமினுப்பும் பெடல்களுக்கு (காலால் இயக்கி ஒலியை மாற்றும் கருவிகள்) மிகப் பொருத்தமான அடித்தளம். ஆனால் அதில் மிடில் குமிழும் இல்லை, மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமும் இல்லை. ஆம்ப் தானாக ஓவர்டிரைவ் ஆகி ஒலி கரகரக்க வேண்டுமானால் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டும். அந்த அளவு சத்தத்தை அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். குறைந்த சத்தத்திலோ, டிரெமலோ உள்ள வைப்ராடோ சேனலில் உயர் ஒலிகளைக் கூட்டும் பிரைட் கெபாசிட்டர், சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப்) கிட்டாரின் கூர்மையை மேலும் கூட்டிக் காதைக் குத்தவைக்கிறது.

ஒரு ஆம்ப் எத்தனை விதமாக ஒலிக்கும் என்பதைக் குமிழ்களின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுவது சரியல்ல. அந்த ஒலிகளில் எத்தனை, நாம் உண்மையில் வாசிக்கக்கூடிய சத்தத்தில் கிடைக்கின்றன என்பதே என் அளவுகோல். மேஸ் என்னைக் கவர்ந்தது இந்த இடத்தில்தான். ஈஎல்84 டியூப்கள் இரண்டைக் கொண்ட அந்த ஆம்ப்பில் பேஸ், மிடில், டிரெபிள் மூன்றோடு மாஸ்டரும் கட் என்னும் குமிழும் இருக்கின்றன. டிரெபிள் குமிழ், முதல் பெருக்கக் கட்டமான ப்ரீஆம்ப்பிலேயே சிக்னலை வடிவமைத்துவிடுகிறது. கட் குமிழோ ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூப்களுக்குச் சற்று முன்னால் நின்று, ப்ரீஆம்ப்பில் ஏற்கனவே உருவான ஓவர்டிரைவின் கரகரப்பான மேல்நுனியைக் குறைக்கிறது. ஆகவே டிரெபிளைத் தாராளமாக வைத்து விரலழுத்தத்தின் நுணுக்கங்களைக் காப்பாற்றிக்கொண்டே, கட் குமிழால் ஒலியை மென்மையாக்க முடிகிறது. இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் கிட்டாருக்கு மிடிலைக் குறைத்தும், சிங்கிள் காயிலுக்குக் கூட்டியும் வாசித்தால் இரண்டு வெவ்வேறு ஆம்ப்கள் போலவே கேட்கிறது.

மாஸ்டர் குமிழிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. அதை மிகவும் குறைத்தால் ப்ரீஆம்ப் மட்டுமே உழைக்கிறது. பவர் டியூப்களும் ஸ்பீக்கரும் சேர்ந்து தரும் கனம் போய், ஒலி மெலிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த அமைப்பு, மாஸ்டரைப் பாதிக்கு மேல் வைத்து, ஆம்ப்பின் வால்யூமை ஓவர்டிரைவின் விளிம்பில் நிறுத்திவிட்டு, மீதியைக் கிட்டாரின் வால்யூம் குமிழிடம் விட்டுவிடுவது. உரத்த டிரம்ஸுக்கு எதிரே மேஸின் கிளீன் டோன் தாக்குப்பிடிக்குமா என்பதில் என் அனுபவம் குறைவு; அங்கே ஃபெண்டர் ஒரு படி முன்னால் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

பராமரிப்பிலும் மேஸ் எளிது. அதன் பவர் டியூப்கள், பயஸைத் (ஓய்வுநிலை மின்னோட்ட அமைப்பு) தானாகவே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயஸ் முறையில் இயங்குவதால் புதிய ஜோடியைச் செருகிவிட்டு வாசிக்கலாம். டீலக்ஸில் டியூப் மாற்றியபின் பயஸைச் சரிபார்ப்பது நல்லது. எதை வாங்கினாலும் 230 வோல்ட்டுக்கு உரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதா என்று கேட்டுவிடுங்கள். 120 வோல்ட் அமெரிக்கப் பதிப்பென்றால் தனியாக ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைச் சுமக்க நேரும்.

டிரெமலோ அவசியம் என்பவர்களும், ஓவர்டிரைவைப் பெடலிலிருந்தே எடுப்பவர்களும் மேஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. மற்றவர்கள் சொந்தக் கிட்டாரையே கடைக்கு எடுத்துச் சென்று, ஆம்ப்பை ஓவர்டிரைவ் ஆகும்வரை திருப்பி, கிட்டாரின் வால்யூமை 10-இலிருந்து 4-க்கு இறக்கிப் பார்க்கட்டும். ஒலி மங்காமல் கிளீனாகத் திரும்புகிறதா என்பதை, வேறு எந்தக் குமிழையும் தொடுவதற்கு முன் கவனிக்க வேண்டும்.