‘மீனாட்சி’க்கு 24 எழுத்தாம்! பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குறவங்க உஷார்

புரசைவாக்கத்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை. சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுக்க எழுத்துக்கு 5 ரூபாய். இந்தக் கணக்கையும் சேர்த்து பில் போட ஒருத்தர் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தார். டெமோவில் ‘ரமேஷ்’ என்று அவரே இங்கிலீஷில் அடித்தார். 6 எழுத்து, 30 ரூபாய். அங்கேயே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன், புத்தி கெட்டுப்போய்.

ஆவணி முகூர்த்த நேரம், கடையில் நிற்க இடமில்லை. ஒரு அம்மா 11 பாத்திரத்துக்கும் ‘மீனாட்சி’ என்று வெட்டச் சொன்னார். பில் 1,320 ரூபாய். குடத்தை டங்கென்று கல்லாமேல் வைத்து, “மீ, னா, ட், சி” என்று நாலு விரலை மடக்கிக் காட்டினார். “மீதி இருபது எழுத்து எங்கப்பா இருக்கு?” வாங்க வேண்டியது 220.

போன் போட்டால், “ஃபான்ட் பிரச்சினை சார், தமிழ் மாட்யூல் தனியா போடணும்” என்று இன்னொரு 8,000 வாங்கினார். போட்ட பிறகு மீனாட்சி 8 எழுத்தானாள். “கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு நம்பர் போடுற முறை யூனிகோட், அதோட கணக்கே அதான் சார்” என்றவர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

அக்கா பையன் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். பில் விவரமெல்லாம் சேமிக்கிற டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்லாம். அதில் நீளம் பார்க்கும் ‘லெங்த்’ என்ற கட்டளை எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை, அதாவது சேமிக்கப் பிடிக்கும் இடத்தின் அளவை. எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் இங்கிலீஷ் எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3. மீனாட்சியில் ம, சுழி, ன, கால், ட, புள்ளி, ச, கொக்கி என்று 8 குறி. ஆக 24 பைட். அந்தத் ‘தமிழ் மாட்யூல்’ என்னவென்றால், ‘லெங்த்’தை அழித்து ‘சார் லெங்த்’ (CHAR_LENGTH) என்று எழுதியது. அது குறிகளை எண்ணும், அவ்வளவுதான். ஒரு வார்த்தைக்கு 8,000!

பையன், சொன்ன குறிகளைத் தேடி நீக்கும் ‘ரெஜெக்ஸ் ரீப்ளேஸ்’ என்ற கட்டளையைப் போட்டு, கால், சுழி, கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ண வைத்தான். இந்தக் கட்டளை மைஎஸ்க்யூஎல் 8.0 வெர்ஷனிலேயே இருக்கிறதாம். இப்போது 4.

டெமோவுக்கு உட்கார்ந்தால் கீபோர்டை நீங்கள் வாங்கி, புள்ளியும் கொம்பும் உள்ள தமிழ்ப் பேராக அடித்துப் பாருங்கள். அதுவரை பர்ஸைத் திறக்காதீர்கள். எங்களிடம் இன்னும் ‘ஸ்ரீ’க்கு மட்டும் 2 எழுத்து காட்டுகிறது, அந்த 5 ரூபாயை எங்கள் அம்மா பேனாவால் கழித்து எழுதுகிறார்.