தூத்துக்குடியில் சீலா மீன் கேட்ட கதை

தூத்துக்குடிக்குப் போய், மீனுக்காக ஓட்டல் மேனேஜரோடு வாக்குவாதம் செய்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் எவரும் நம்பமாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் சென்னையில் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு எங்களுக்கு அங்கே வீடு இல்லை. ஆகவே இந்த ஜூலை விடுமுறையில், ஈரோட்டுக்காரரான கணவருக்கும் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலேயே பிறந்து வளர்ந்த மகளுக்கும் நான் வளர்ந்த ஊரைச் சுற்றிக் காட்டுவதற்காகப் புறப்பட்டபோது, பாளையங்கோட்டை ரோடு பக்கமிருந்த ஓர் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கினோம். விமானம் நேரத்துக்கு இறங்கியது, அறை சுத்தமாக இருந்தது, சுடுதண்ணீர் வந்தது. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அந்த ஓட்டலின் இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

மெனு அட்டையில் கடல் உணவுக்கென்று தனிப் பக்கம் இருந்தது. அதன் உச்சியில் நங்கூரப் படம் போட்டு ‘இன்றைய மீன், தவா வறுவல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். விலை நானூற்றுச் சொச்சம். மத்தியானம் முழுக்க மகளிடம், எங்கள் ஊரில் சீலா என்று சொல்லும் வஞ்சிர மீன் துண்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். அதனால் மூன்று தட்டு சொன்னேன். வந்தது மூன்று வெள்ளைச் செவ்வகங்கள். தோல் இல்லை, முள் இல்லை, நடு எலும்பின் வட்டம் இல்லை, மீன் வாடையும் இல்லை. மேலே தடவியிருந்த மசாலாவைக் கத்தியால் வழித்துவிட்டுப் பார்த்தால், உள்ளே ஈரப் பஞ்சு மாதிரி நீர் கசிந்தது.

பரிமாறிய பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். என்ன மீன் தம்பி என்று கேட்டதற்குக் கடல் மீன் என்றான். கடலில் எந்த மீன் என்றதும் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, வெள்ளை மீன் என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டவளுக்குத் தெரிந்த பெயர்கள் எதுவும் அவன் காதில் விழுந்திருக்க நியாயமில்லை. அடுத்ததாக வந்த கேப்டன், அது ‘பிஷ் பில்லே’ என்று வெட்டிய முறையைச் சொன்னாரே தவிர மீனைச் சொல்லவில்லை. கடைசியில் மேனேஜர் வந்தார். “பாசா, மேடம். இம்போர்ட்டட்” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

பாசா என்பது வியட்நாமின் மேகாங் ஆற்றுப் படுகையில் பண்ணை வைத்து வளர்க்கும் கெளுத்தி இனத்து நன்னீர் மீன். கடல் உப்பே அதன் மேல் பட்டதில்லை. அதை வெட்டி உறையவைத்துப் பெட்டியில் அடைத்து உலகமெங்கும் விற்கிறார்கள். மலிவு, முள் கிடையாது, எந்த மசாலாவுக்கும் வளைந்துகொடுக்கும். அது கிடைப்பது குற்றமில்லை. விசைப்படகுகள் விடிவதற்கு முன் கிளம்பி இரவு ஒன்பது மணிக்குள் அன்றைய மீனோடு கரைக்குத் திரும்பிவிடும் ஒரு துறைமுகத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவில், நங்கூரப் படத்துக்குக் கீழே, கடல் உணவு என்ற தலைப்பில், ‘இன்றைய மீன்’ என்று அதை விற்றதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. போதாக்குறைக்கு, மேசையிலிருந்த உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன், குஜராத் முகவரி. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, தமிழ்நாட்டில் முதலிடம் தூத்துக்குடிக்கு. அன்று காலையில்தான் முத்தையாபுரம் பக்கத்து உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த அம்பாரங்களை மகள் படம் எடுத்துத் தன் தோழிகளுக்கு அனுப்பியிருந்தாள்.

மேனேஜரின் விளக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது அத்தனை பொய்யில்லை. “இங்க தங்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் துறைமுகத்துக்கும் கம்பெனிக்கும் வேலையா வர்ற வடநாட்டுக்காரங்க மேடம். முள்ளு இருந்தா வேணாம்பாங்க, வாடை அடிச்சா தட்டைத் திருப்பி அனுப்பிருவாங்க. சீலா விலை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதை எப்படி மேடம் கார்டுல அடிக்கிறது? ஞாயித்துக்கிழமை போட்டு போகாது. ஏப்ரல் பதினஞ்சுல இருந்து ஜூன் பதினாலு வரைக்கும் தடைக்காலம் வேற. பாசா வருஷம் பூராவும் ஒரே விலை, ஒரே சைசு.” இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நான் நாளைக்கு மீன் வாங்கி வந்தால் சமைத்துத் தருவீர்களா என்று கேட்டதும், வெளிப்பொருளை அடுப்படியில் அனுமதிப்பது பாலிசி இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பில்லில் மூன்றுக்கும் பணம் இருந்தது, வரியும் சேர்த்து.

அபர்டீனில் மீன் வாங்கப் போனால், சூப்பர் மார்க்கெட் பொட்டலத்தில் மீனின் பெயர், கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, கடல் என்றால் எந்தப் பகுதிக் கடல் என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும், சட்டம் அது. தெருமுனையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கிற கடைக்குப் போய் மீன் என்று மட்டும் சொன்னாலும், ஸ்காட்லாந்தில் ஹாடக்தான் தருவார்கள். அதில் ஏமாற்று இல்லை. அந்தப் பழக்கத்தில் ஊறிப்போன நாக்கோடு ஊருக்கு வந்தால் கோபம் சீக்கிரம் வருகிறது என்று கணவர் சொன்னார். கூடவே இன்னொன்றையும் நினைவுபடுத்தினார்: ஸ்காட்லாந்துக் கடலின் உயர்ந்த இறால் வகையான லாங்குஸ்டின், பெரும்பாலும் லாரியேறி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறது, எங்கள் தெருவில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைத் தின்று பார்த்திருப்பார்கள்? எனக்கு அந்த நேரத்தில் அந்த நியாயம் பிடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடலுக்குப் போய்த் தங்கும் நாட்டுப்படகுகள் திரேஸ்புரத்தில் கரை சேரும் நாள். ஆடிக்காற்று தொடங்கி மணல் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. காற்றடிக்கும் மாதங்களில் படகு குறையும், விலை ஏறும் என்று எங்கள் ஆட்டோக்காரர் வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்தார். சீலா கிலோ ஆயிரத்தைத் தாண்டித்தான் போயிற்று. விளைமீன், பாறை, ஊளி என்று குவியல் குவியலாகக் கொட்டிவைத்து ஏலம் விட்டார்கள். ஏலக்காரர் தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குவியலுக்குத் தாவிவிடுகிறார். யார் எடுத்தார்கள் என்பது எடுத்தவருக்கும் அவருக்கும் மட்டுமே தெரிகிறது. நல்ல பெரிய மீன்களெல்லாம் என் கண் முன்னாலேயே ஐஸ் நொறுக்கிப் போட்ட பெட்டிகளுக்குள் இறங்கிக் கேரளப் பதிவெண் போட்ட வண்டிகளில் ஏறின. சாளையும் நெத்திலியும் சட்டிகளில் வாங்கிய பெண்கள் ஷேர் ஆட்டோவுக்கு நடந்தார்கள். முன்பெல்லாம் அந்தச் சட்டியைத் தலையில் சுமந்து எங்கள் தெருவுக்கு மீன்காரப் பாட்டி வருவார். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நேற்றைய மீன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

இதற்கிடையில் ஊரையும் பார்க்கத்தான் செய்தோம். 1713இல் எழுந்து, 1982இல் பேராலயமாக உயர்ந்த பனிமய மாதா கோயிலின் முன்னால், ஜூலை 26 கொடியேற்றத்துக்குப் பந்தற்கால்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்றதும் மகள் வரைபடத்தை எடுத்து வழி தேடத் தொடங்கிவிட்டாள். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோணிகளைத் தொலைவில் நின்றுதான் பார்க்க முடிந்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊரில், பயணிகள் கப்பல் என்று 2011இல் கொழும்புக்கு ஒன்றை விட்டு அதே ஆண்டிலேயே நிறுத்தியும்விட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்தால் இன்னின்னவற்றை இந்த வழியாகப் பார்க்கலாம் என்று சொல்ல ஆளோ பலகையோ கண்ணில் படவில்லை. வேலை நிமித்தம் வருகிறவர்களைத் தவிர வேறு எவரும் தன்னைத் தேடி வருவார்கள் என்று இந்த ஊர் எதிர்பார்ப்பதே இல்லை போலும். மேனேஜர் சொன்னதும் அதைத்தானே.

சீலா கிடைத்தது ஆட்டோக்காரரின் புண்ணியத்தில். “ஓட்டல்ல போய் ஏன்க்கா மீன் கேட்டீய?” என்று என்னைக் கடிந்துகொண்டு, மட்டக்கடைக்கு அப்பால் ஒரு சந்துக்குள் இருந்த மெஸ்ஸில் இறக்கிவிட்டார். பெயர்ப்பலகை இல்லை. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற அளவு அது, அதற்கு மேலே மட்டும்தான் வெள்ளையடித்திருந்தார்கள். அடுப்பு வாசலிலேயே இருந்தது. பெரிய இரும்புத் தோசைக்கல்லில், மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தவிர வேறெதுவும் படாத சீலாத் துண்டுகளை வரிசையாகப் போட்டு, ஓரங்கள் சுருங்கித் தோல் மொறுமொறுவென்று ஆகும் வரை தொடாமல் விட்டிருந்தார் அந்த அம்மா. திருப்பும்போது அதே எண்ணெயில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எறிந்தார். வெடித்த ஓசையில் மகள் ஓரடி பின்வாங்கினாள். பிறகு அவளே, நடுமுள்ளின் வட்டத்தைச் சுற்றிச் சதையை விரலால் கழற்றும் வித்தையைக் கற்றுக்கொண்டு இரண்டாவது துண்டு கேட்டாள். குழம்பு, சாளை போட்டு முந்தின நாள் வைத்தது. புளியும் தேங்காயும் ஒரு ராத்திரி ஊறியதில் என் பாட்டி வீட்டு மண்சட்டியின் ருசி அப்படியே இருந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள், எழுதிவிட்டேன்.

பணம் கொடுக்கும்போதுதான் சிக்கல். எங்களிடம் இந்தியக் கைபேசி எண்ணும் இல்லை, இந்திய வங்கிக் கணக்கும் இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாகத்தான் வைத்திருந்தோம். கல்லாவில் சில்லறை இல்லை. எல்லாரும் இப்போது போனைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், சில்லறைக்கு எங்கே போவது என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார். மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு ஒப்பவில்லை. “நாளைக்கு இந்தப் பக்கம் வரும்போது குடுங்க, எங்க போயிரப் போறீய?” என்று மூன்று சாப்பாட்டைக் கடனாகக் கொடுத்து அனுப்பினார். பெயர்கூடக் கேட்கவில்லை. அறைக்குள் விடுவதற்கு முன்பே முழு வாடகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, கடவுச்சீட்டை இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்ட ஓட்டலின் நினைவு எனக்கு வராமல் இருக்குமா? அபர்டீனில் எங்கள் வீட்டருகே பல ஆண்டுகளாக நான் ரொட்டி வாங்குகிற கடையிலும் இது நடக்காது. கார்டு இயந்திரம் கெட்டுப்போனால் ரொட்டியை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டியதுதான். மறுநாள் கடனை அடைக்கப் போனபோது மறுபடியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

நைட் கிளப் என்று பலகை மாட்டிய பரோட்டாக் கடையில் பொரித்த பரோட்டாவும் கோழிச் சால்னாவும் தின்றதையும், சால்னாவுக்குத் தனி விலை உண்டா என்று கணவர் அப்பாவியாகக் கேட்டதையும் விரித்து எழுத இடமில்லை. மக்ரூனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூன்றே சேர்ந்த அந்தச் சின்னக் கூம்புகளுக்குக் காற்றுப் பட்டாலே போதும், ஈரம் ஏறிப் பிசுபிசுத்துவிடும். பேக்கரிக்காரர் எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன்னால் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஸ்காட்லாந்து என்றதும், திறந்து வைத்திருந்த தட்டிலிருந்து அள்ளாமல், அன்று காலை அடுப்பிலிருந்து எடுத்ததை உள்ளேயிருந்து கொண்டுவரச் சொல்லி, பாலித்தீன் உறைக்குள் உறை போட்டு ஒட்டி, அட்டைப் பெட்டியின் மூலைகளில் காகிதம் திணித்துத் தந்தார். கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. பெட்டி அபர்டீனில் திறந்தபோது நொறுங்கியது ஒரு கைப்பிடிக்கு மேல் இராது.

ஊர் திரும்பியதும் ஓட்டலிலிருந்து, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று செய்தி வந்தது. பாசா விவகாரத்தை ஒன்றுவிடாமல் எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். மேனேஜர் பதில் போட்டிருந்தார்: அடுத்த முறை ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் சீலா வாங்கி வைப்பதாகவும், விலை அன்றைய ஏலத்தைப் பொறுத்தது என்றும். இதையே ‘இன்றைய மீன்’ என்ற வரிக்குக் கீழே அச்சிட்டிருந்தால் போதுமே என்று மறுமொழி அனுப்பினேன். அதற்கு இதுவரை பதில் இல்லை. போகிறவர்கள் அங்கே தங்கலாம், அறை நன்றாகவே இருக்கிறது. சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பகல் ஒரு மணிக்குள். மெஸ்ஸில் இரண்டு மணிக்குச் சட்டி கழுவிவிடுகிறார்கள்.