குப்பியோவா, அன்யோனேயா? டிசம்பரில் எந்த மலையூருக்குப் போகலாம்

டிசம்பர் 7-ம் தேதி மாலை குப்பியோவில் விளக்கேற்றுகிறார்கள். மறுநாள் மாலை அன்யோனேயில் தீப்பந்தம் தூக்குகிறார்கள். முதலாவது ஊர் நடு இத்தாலியின் உம்பிரியாவில் இருக்கிறது, இரண்டாவது தெற்கே மொலிசேயில். இரண்டு ஊருக்குமே ரயில் கிடையாது. பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் அடுத்தடுத்த இரண்டு மாலைகளையும் பிடிப்பது சிரமம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குப்பியோவில் விளக்கேற்றுவது மரத்தில் இல்லை, மலையில். இன்ஜினோ மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான விளக்குகளைப் பொருத்தி, ஊர் மதிலிலிருந்து உச்சியில் இருக்கும் புனித உபால்டோ பேராலயம் வரைக்கும் 650 மீட்டருக்கு மேல் உயரமான கிறிஸ்துமஸ் மரத்தை வரைகிறார்கள். தொடங்கியது 1981-ல், 1991-ல் கின்னஸில் ஏறியது. அத்தனை கேபிளையும் மலையில் இழுத்துக் கட்டுவது ஊர்க்காரர்களேதான், சம்பளம் இல்லாமல். 2011-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் வத்திக்கானில் இருந்தபடியே டேப்லெட்டைத் தொட்டு இதை ஏற்றிவைத்தார். முழு மரமும் கண்ணுக்கு அடங்க வேண்டுமானால் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, சமவெளியில் நிற்க வேண்டும்.

குப்பியோவின் கைத்தொழில் பீங்கான். 16-ம் நூற்றாண்டில் மாஸ்த்ரோ ஜார்ஜோ ஆந்த்ரெயோலி இங்கேதான் சூளை வைத்திருந்தார். இரண்டு முறை சுட்ட தட்டின்மேல் வெள்ளியும் செம்பும் கலந்த பூச்சைத் தீட்டி, காற்றைக் குறைத்துப் புகையோடு மூன்றாவது முறை சுடுவார்கள். எடுத்துத் துடைத்தால் பொன்னிறமும் மாணிக்கச் சிவப்பும் மின்னும். வேறு ஊர்களில் தீட்டிய தட்டுகள்கூட இந்த மினுக்குக்காகவே குப்பியோவுக்கு வந்தன. ஆனால் இந்தத் தொழிலுக்கும் மலை விளக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அன்யோனேயின் விழாவுக்குப் பெயர் 'ந்தொச்சாத்தா. சுற்றுப்புறக் கிராமத்து உழவர்கள் கிறிஸ்துமஸ் இரவில் பந்தம் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்து வந்ததிலிருந்து வளர்ந்தது. வெள்ளை ஃபிர் மரத்தைக் கீறிக் கட்டிய பந்தங்கள் ஆளைவிட உயரமானவை; விசிறி போலப் பல பந்தங்களை ஒன்றாகச் சேர்த்ததை, கம்பளிப் போர்வை அணிந்தவர்கள் தோளில் சுமந்து தெருவில் வருவார்கள். தீப்பொறி தலைக்குமேல் பறக்கும், மரப்பிசின் வாசனை உடையில் ஏறிவிடும். 1996 டிசம்பர் 8-ல் ரோமில் போப் இரண்டாம் ஜான் பால் முன்னால் இந்த ஊர்வலத்தை நடத்தினார்கள். இப்போது ஊரில் 8-ம் தேதியும் 24-ம் தேதியும் நடக்கிறது.

அப்புறம் மணிகள். மரினெல்லி குடும்பம் நூற்றாண்டுகளாக இங்கே கோயில் மணி வார்க்கிறது. 1924-ல் போப் பதினோராம் பயஸ், இவர்கள் வார்க்கும் மணிகளில் போப்பாண்டவர் முத்திரையைப் பொறிக்க அனுமதி கொடுத்தார். செங்கல் உள்கருவின்மேல் களிமண்ணால் 'பொய் மணி' செய்து, மெழுகில் எழுத்தும் உருவமும் ஒட்டி, அதன்மேல் இன்னொரு மண் உறை போடுகிறார்கள். சூட்டில் மெழுகு உருகி உறையின் உட்புறத்தில் அச்சு நிற்கும். உறையைத் தூக்கி, பொய் மணியை உடைத்து, உறையைத் திரும்ப இறக்கினால் நடுவில் ஒரு வெற்றிடம். அச்சைக் குழியில் புதைத்து, அந்த இடைவெளியில் வெண்கலத்தை ஊற்றுவார்கள், மாதாவின் மன்றாட்டு மாலையைச் சொல்லிக்கொண்டே.

என் ஓட்டு அன்யோனேக்குத்தான். பந்தமும் மணியும் அந்த ஊர்க்காரர்களின் கையிலேயே பிறக்கின்றன. விழாவுக்கு வருகிறவர் தெருவிலேயே, தீயின் சூடு முகத்தில் படும் தூரத்தில் நிற்கலாம். ஆனால் கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களோ கூட வந்தால், புகையும் நெரிசலும் ஒத்துவராது, குப்பியோவுக்குப் போங்கள். லீவு கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் என்றாலும் அதுவே சரி, ஏனென்றால் அந்த விளக்குகள் ஜனவரி 6 திருக்காட்சி விழா வரைக்கும் எரியும்.

அன்யோனே என்று முடிவு செய்தால் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஊர் 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, பனி விழுந்தால் மலைப்பாதையில் வண்டி மெதுவாகத்தான் நகரும். மணிப் பட்டறையையும் அதை ஒட்டிய அருங்காட்சியகத்தையும் விழா தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.