அடியா, மீட்டரா? கணக்குப் போடும்போதுதான் தெரியும்

மேசையின் மேல் போட ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. டேப்பைப் பிடித்து அளந்தேன். நீளம் நான்கு அடி மூன்று அங்குலம். ஒரு சீட்டில் 4.3 என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி வெட்டும் இயந்திரத்துக்கு மில்லிமீட்டரில்தான் அளவு கொடுக்க வேண்டும். வெட்டுபவர் 4.3-ஐ 304.8-ஆல் பெருக்கி 1,311 மி.மீ. என்று போட்டுவிட்டார். நான் அளந்ததோ 1,295 மி.மீ. வந்த கண்ணாடி மேசையைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. டஃபண்ட் கண்ணாடி வேறு. ஒரு முறை சூடேற்றிப் பதப்படுத்திவிட்டால் அதன் ஓரத்தில் ஒரு நூல் அளவுகூடக் குறைக்க முடியாது. வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடும்.

அந்த ஒரு புள்ளிதான் எல்லாவற்றுக்கும் காரணம். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவதோ பத்தில் ஒரு பங்கு. அதனால் 4.3 அடி என்றால் நான்கு அடி 3.6 அங்குலம். இதே தவறை உயரம் எழுதும்போது தினமும் பார்க்கிறேன். ஐந்து அடி பதினொரு அங்குலக்காரர் 5.11 என்று எழுதுகிறார், ஐந்து அடி இரண்டு அங்குலக்காரர் 5.2 என்று எழுதுகிறார். இந்தப் பட்டியலைக் கணினியில் உயர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் 5.2 தான் உயரமானவர் என்று சொல்லும். 180 செ.மீ., 157 செ.மீ. என்று எழுதியிருந்தால் யாருக்கும் குழப்பமே வராது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அடி, அங்குலம் வரும் இம்பீரியல் முறை, மீட்டர், சென்டிமீட்டர் வரும் மெட்ரிக் முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று முதலிலேயே புரிந்தது. வெறுமனே அளப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். டேப்பின் ஒரு ஓரத்தில் அங்குலம், மறு ஓரத்தில் சென்டிமீட்டர். எதைப் படித்தாலும் மேசையின் நீளம் மாறப்போவதில்லை. அளந்த அளவை வைத்து அடுத்து ஏதாவது செய்யப் போகும்போதுதான் வித்தியாசம் வருகிறது.

அடி, அங்குலத்தின் பலம்

இம்பீரியல் முறையை விரும்புகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அது உடம்பிலிருந்து வந்த அளவு. அடி என்ற சொல்லே பாதத்திலிருந்து வந்ததுதான். கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம். ஓர் அறையைப் பார்த்து “பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும்” என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். அடி கைக்கு அடக்கமான அளவு. மீட்டர் கொஞ்சம் பெரிது, சென்டிமீட்டர் ரொம்பச் சிறிது. நடுவில் பத்து சென்டிமீட்டர் கொண்ட டெசிமீட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அன்றாடப் பேச்சில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் பன்னிரண்டின் அழகு. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எதால் வகுத்தாலும் மிச்சமில்லாமல் வரும். ஓர் அடியை மூன்றாகப் பிரித்தால் சரியாக நான்கு அங்குலம். மீட்டரை மூன்றாகப் பிரித்தால் 33.33 என்று முடிவில்லாமல் ஓடும். இதற்கு மெட்ரிக்கில் வேலை செய்கிற கட்டுமானக்காரர்கள் எளிய வழி வைத்திருக்கிறார்கள். பலகை, ஓடு, அலமாரி எல்லாவற்றையும் 300, 600, 1,200 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் அமைத்துக்கொள்கிறார்கள். 600-ஐ இரண்டால், மூன்றால், நான்கால், ஐந்தால், ஆறால் வகுத்துப் பாருங்கள். புள்ளியே வராது. பன்னிரண்டின் வசதி அப்படியே கிடைக்கிறது, கூடவே பத்தின் வசதியும்.

அங்குலத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பழக்கம் மரவேலைக்கு நன்றாக இருக்கும், ஸ்பானர் பெட்டியைத் திறக்கும் வரைக்கும். கையில் இருக்கும் 5/8 ஸ்பானர் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. அடுத்தது எது? 11/16. ஒன்று குறைய வேண்டுமானால்? 9/16. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பின்னக் கணக்குப் போட வேண்டும். மில்லிமீட்டரில் 13 சின்னது என்றால் 14 எடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு பெட்டிகளும் கலந்துவிட்டால் இன்னும் மோசம். 19 மி.மீ. ஸ்பானருக்கும் முக்கால் இன்ச் போல்ட்டுக்கும் வித்தியாசம் 0.05 மி.மீ. தான், வேலை நடந்துவிடும். அந்த நம்பிக்கையில் 13 மி.மீ. ஸ்பானரை அரை இன்ச் போல்ட்டில் மாட்டினால் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கும். பலமாகத் திருகினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிய போல்ட்டைக் கழற்றியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

மழை பெய்தால்

மெட்ரிக் முறை ஏன் எனக்குப் பிடிக்கிறது என்று கேட்டால் மழையைத்தான் சொல்வேன்.

100 சதுர மீட்டர் மொட்டை மாடி. 25 மி.மீ. மழை பெய்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்கும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எனவே 100 × 25 = 2,500 லிட்டர். அதன் எடை? 2,500 கிலோ, அதாவது இரண்டரை டன். காகிதம்கூட வேண்டாம்.

இதையே அடியில் போடுவோம். 1,000 சதுர அடி மாடி, ஓர் அங்குல மழை. அங்குலத்தை அடியாக்கப் பன்னிரண்டால் வகுத்தால் 83.33 கன அடி. கன அடியைக் கேலனாக்க 7.48-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 623 கேலன். எடை வேண்டுமென்றால் திரும்பவும் கன அடிக்குப் போய் 62.4-ஆல் பெருக்க வேண்டும்: 5,200 பவுண்டு. 12, 7.48, 62.4 என்ற மூன்று எண்களையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஒன்று மறந்தாலும் வழி அடைபட்டுவிடும். அதோடு, இந்த 623 அமெரிக்கக் கேலன் கணக்கு. பிரிட்டிஷ் கேலன் என்றால் 519 தான்.

மெட்ரிக்கில் இந்தச் சுலபம் தற்செயலாக வரவில்லை. 1795-ல் பிரான்ஸ் இந்த முறையைச் சட்டமாக்கியபோதே ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடைதான் ஒரு கிராம் என்று வைத்தார்கள். நீளம், கொள்ளளவு, எடை மூன்றுக்கும் நடுவில் ஆரம்பத்திலேயே பாதை போட்டுவிட்டார்கள். அடி, கேலன், பவுண்டு மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்குப் பிறந்தவை. அவற்றை இணைக்கும் எண்கள் அப்படித்தான் கரடுமுரடாக இருக்கும்.

ஒரே பேர், இரண்டு அளவு

கேலன் விஷயம் சின்னதில்லை. அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஒரு கார் “கேலனுக்கு 40 மைல்” தரும் என்று படித்தால் முதல் கணக்கில் லிட்டருக்கு 17 கி.மீ., இரண்டாவதில் 14 கி.மீ. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் வண்டியின் மைலேஜைச் சொல்ல முடியாது. டன் கதையும் அதேதான். அமெரிக்காவில் 2,000 பவுண்டு, பிரிட்டனின் பழைய முறையில் 2,240 பவுண்டு. லிட்டருக்கும் கிலோவுக்கும் இப்படி நாட்டுக்கொரு பிறவி கிடையாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அங்குலம் இன்று மில்லிமீட்டரை நம்பித்தான் நிற்கிறது. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் சேர்ந்து ஓர் அங்குலம் என்றால் மிகச் சரியாக 25.4 மி.மீ., ஒரு பவுண்டு என்றால் 0.45359237 கிலோ என்று ஒப்புக்கொண்டன. அங்குலத்துக்கென்று தனியாக ஒரு மூலக்கோல் இப்போது இல்லை.

குழந்தைக்கு மருந்து

இங்கே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். குழந்தைகளுக்கான பல மருந்துகளின் அளவு ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கிடப்படுகிறது. பத்து கிலோ குழந்தையின் எடையைப் பவுண்டில் பார்த்து 22 என்று எழுதி, அடுத்தவர் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். கரண்டிக் கணக்கும் அப்படியே. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி.; பேர் மாறிக் கேட்டால் மூன்று மடங்கு. கிலோவும் மில்லியும் மட்டும் போதும். பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள், வீட்டுக் கரண்டி வேண்டாம்.

எடையில் இந்தக் குழப்பம் வானத்திலும் நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டியிருந்தது. நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். லிட்டரை எடையாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கி, வந்த விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் இருந்தபோது பிரச்சினை தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. சறுக்கிக்கொண்டே வந்து கிம்லி என்ற இடத்தில் ஒரு பழைய விமானத் தளத்தில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. அந்த விமானிகளின் கைத்திறன்தான் காப்பாற்றியது.

வெப்பமும் நிலமும்

வெப்பத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பாரன்ஹீட்டில் 32-ல் உறைந்து 212-ல் கொதிப்பதை விட 0, 100 நினைவில் நிற்கும். காய்ச்சல் பார்க்க இரண்டும் உதவும். 38 டிகிரி செல்சியஸ் என்பது 100.4 பாரன்ஹீட். ஏக்கரும் ஹெக்டேரும் பழக்கத்தைப் பொறுத்தவை. ஆனால் ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர், ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் போகாத அங்குலங்கள்

மெட்ரிக் நாடுகளிலும் சில இடங்களில் அங்குலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார் டயரில் 205/55 ஆர்16 என்று எழுதியிருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் இரண்டு முறைகளும் குடித்தனம் நடத்துகின்றன. அரை இன்ச் இரும்புக் குழாயை அளந்து பாருங்கள். வெளிவிட்டம் 21.3 மி.மீ., உள்விட்டம் சுமார் 16. அரை இன்ச் என்ற 12.7 எங்குமே இல்லை. அங்கே இன்ச் என்பது வெறும் பேர். 55 இன்ச் டிவி என்றால் மூலைக்கு மூலை அளவு. சுவரில் அடங்குமா என்று பார்க்க உங்களுக்கு வேண்டியது அகலம், அது சுமார் 122 செ.மீ.

இவற்றை மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன். விமானங்கள் பெரும்பாலான நாடுகளில் உயரத்தை அடியில்தான் சொல்கின்றன. எல்லோரும் ஒரே அளவைப் பேசும் வரை அதுவே பாதுகாப்பு. பேராகிவிட்ட அங்குலத்தைப் பேராகவே வைத்துக்கொண்டு, கணக்குப் போட வேண்டியதை மட்டும் மெட்ரிக்கில் அளக்கலாம்.

மெட்ரிக்கில் மனக்கணக்கு வராது என்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். அடியில் அளந்துவிட்டு மீட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கும் வரவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. உடம்பையே மெட்ரிக்கில் அளந்து வைத்துக்கொண்டேன்: என் சாண் 21 செ.மீ., சுண்டுவிரல் நகத்தின் அகலம் 1 செ.மீ., சாதாரணமாக நடக்கும்போது ஓர் எட்டு 70 செ.மீ. ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது. இரண்டாவது கண்ணாடிக்குச் சீட்டு எழுதும்போது புள்ளி வைக்கவே இல்லை: 1295 மி.மீ. × 610 மி.மீ. கண்ணாடி மேசையில் சரியாக உட்கார்ந்தது.