கோல்ஃபின் இரண்டு பெரிய போட்டிகளில் எனக்குப் பிடித்தது எது: தி ஓபனா, மாஸ்டர்ஸா?
1860-ல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் தி ஓபன் தொடங்கியபோது ஆடியது 8 பேர்தான், 12 குழி மைதானத்தை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள், பரிசு ஒரு தோல் பெல்ட். அதை யங் டாம் மோரிஸ் தொடர்ந்து மூன்று முறை வென்று சொந்தமாக்கிக்கொள்ள, கொடுக்கப் பரிசு இல்லாமல் 1871-ல் போட்டியே நடக்கவில்லை! அப்புறம் வந்ததுதான் கிளாரெட் ஜக் என்ற வெள்ளிக் கோப்பை.

மாஸ்டர்ஸ் வேறு மாதிரி. 1934-ல் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸும் முதலீட்டு வங்கியாளர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸும் அழைப்புப் போட்டியாக ஆரம்பித்தது; ஜெயித்தவருக்குப் பச்சை கோட் என்பது 1949-ல்தான் வந்தது.

ஓபன் கடலோர மைதானங்களுக்கு மாறி மாறிப் போகும். மாஸ்டர்ஸுக்கு எப்போதும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானம்தான், அதனால் டிவியில் பார்ப்பவருக்கே ஒவ்வொரு குழியும் மனப்பாடம். சரி, எனக்கு எது? தகுதிச் சுற்றில் தேறினால் பெயர் தெரியாத ஆட்டக்காரரும் உள்ளே நுழையலாம் என்பதால் ஓபன்தான்.