பழைய ஜிப்ஸியா, பழைய தாரா?

கரடுமுரடான பாதைகளுக்கென்று பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கித் தயார்செய்ய நினைப்போர், இந்தியாவில் பெரும்பாலும் மாருதி ஜிப்ஸிக்கும் 2010-ல் அறிமுகமான முதல் தலைமுறை மஹிந்திரா தாருக்கும் இடையில்தான் தடுமாறுகின்றனர்.

ஜிப்ஸியின் பலம் அதன் எடைக் குறைவு. ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ளதால், கனத்த வண்டிகள் புதைந்துபோகும் சேற்றையும் மணலையும் அது கடந்துவிடும். முன்னும் பின்னும் முழு ஆக்ஸிலும் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்குப் பட்டை வில்) இருப்பதால், தரையிலிருந்து வண்டியை உயர்த்திக் கட்டுவதும் எளிது. ஆனால், 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமையேற்றினால் மூச்சு வாங்கும்.

2.5 லிட்டர் சிஆர்டிஇ (காமன் ரெயில்) டீசல் எஞ்சின் கொண்ட தாருக்கு அந்தக் குறை இல்லை. 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மலையேற்றத்தில் நன்றாகவே கைகொடுக்கும். 2015-க்குப் பிந்தைய வண்டியாக இருந்தால், ஒரு பின் சக்கரம் வழுக்கிச் சுழலும்போது, இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் தானாகவே பூட்டிக்கொள்ளும் வசதியும் கிடைக்கும். சிக்கல் முன்பக்கத்தில்தான்: இரு சக்கரங்களும் தனித்தியங்கும் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) சஸ்பென்ஷனை அளவுக்கு மீறி உயர்த்தினால், சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் சிவி ஜாயின்ட் அதிகக் கோணத்தில் மடங்கி, அதன் ரப்பர் உறை விரைவில் கிழியும்.

வாங்கும்முன் ஜிப்ஸியின் ஸ்டியரிங்கை ஒருபுறமாக முழுவதும் ஒடித்து, முன் சக்கரத்தின் உட்பக்கமுள்ள உருண்டைப் பகுதியில் கிரீஸ் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சேஸியின் துருவை, பெயின்ட் எவ்வளவு புதிதாக மின்னினாலும், தட்டிப் பார்ப்பதே நல்லது. நெடும்பயணத்துக்குச் சாமான்களோடு கிளம்புபவருக்குத் தாரையே பரிந்துரைப்பேன். வார இறுதியில் சேற்றில் இறங்குபவருக்கு ஜிப்ஸி போதும்.