இடிந்த இரு கோயில்கள், இரு நீர்வண்ண ஓவியங்கள்

1775-இல் பிறந்த ஆங்கில ஓவியர்கள் டர்னர், கெர்ட்டின் இருவருமே இடைக்காலத் துறவிமடக் கோயில்களின் சிதைந்த உட்புறங்களை நீர்வண்ணத்தில் தீட்டினர். டர்னர் வேல்ஸிலுள்ள டின்டர்ன் மடாலயத்தை 1794-இல், ஏறத்தாழ பத்தொன்பது வயதில் வரைந்தார். கெர்ட்டின் 1796-இல் வடஇங்கிலாந்துப் பயணத்தில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கண்டார்.

டின்டர்ன் ஓவியத்தில் கூரையற்ற கூர்வளைவுகள் விண்ணை நோக்கி எழுகின்றன; அவற்றின் விளிம்பில் தொங்கும் ஐவிக் கொடிகளை இலை இலையாகப் பின்தொடரும் தூரிகை, கல்லின் எடையையே நம்மை மறக்கச் செய்கிறது. அழகுதான், ஆனால் சற்றே மேடையலங்காரம் போன்றது என்பது என் எண்ணம்.

லிண்டிஸ்ஃபார்னோ நார்மன் பாணியிலான (கனத்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி), வடஇங்கிலாந்தின் டரம் பேராலயத்தை நினைவூட்டும் பருத்த தூண்களைக் கொண்டது. கெர்ட்டின் நுணுக்கங்களைக் குறைத்து, அகன்ற வண்ணப் பூச்சுகளால் அந்தப் பருமனையே முதன்மையாக்குகிறார்.

வாங்கிப் பாதுகாப்போரின் நோக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு. அக்கால நீர்வண்ணங்களில் பயன்பட்ட அவுரி நீலம் ஒளிபட்டு மங்கிவிடும். கெர்ட்டினின் சில ஓவியங்களில் வானம் செம்மை படர்ந்து தோன்றுவதற்கு அதுவே காரணம். பழைய சட்டத்தைக் கழற்றினால், வெளிச்சம் படாத ஓரப்பட்டையில் மட்டும் முதல் நீலம் தெரிவதுண்டு.

இரண்டில் ஒன்றெனில், கொடிகளைவிடத் தூண்களையே நான் தேர்வேன்.